விசாரித்தோம் என்று சொல்வதற்கு முன்

கொழும்பில் குருப்பணிக்கும் போதகப் பணிக்கும் ஆட்களைத் தெரிந்தெடுக்கும் ஆயர்களுக்கும், குருமட அதிபர்களுக்கும், சினொட் அங்கத்தவர்களுக்கும், தனிச்சபைகளின் மூப்பர்களுக்கும்,

கிறிஸ்துவில் வணக்கம்.

கத்தோலிக்கக் குருத்துவத் திருநிலைப்படுத்தலில் ஒரு சிறிய உரையாடல் உண்டு. குருத்துவத்துக்கு முந்திய படியில் நிற்கும் திருத்தொண்டரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவர் எழுந்து முன்னே வருகிறார். இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா என ஆயர் கேட்கிறார். இறைமக்களிடம் விசாரித்தும் பொறுப்பானவர்களின் பரிந்துரையைக் கேட்டும் இவர் தகுதியுள்ளவர் எனக் கண்டோம் என்று, அவரை முன்னிறுத்தும் குரு சாட்சி சொல்கிறார். அங்கிலிக்கத் திருச்சபையின் பழைய பொது ஜெபப் புத்தகத்திலும் இதே இடம் இருக்கிறது. தகுதியுள்ளவர்களைத்தான் கொண்டுவந்தீரா என்று பேராயர் எச்சரித்துக் கேட்க, விசாரித்தேன், பரீட்சித்தேன், அப்படியே எண்ணுகிறேன் என்கிறார் அவர்களை முன்னிறுத்தும் மூத்த குருவான ஆர்ச்டீக்கன்.

கொட்டாஞ்சேனைப் பேராலயத்திலும் கறுவாத்தோட்டத்துப் பேராலயத்திலும் கடவுளின் பீடத்தின் முன் சொல்லப்படும் சாட்சி அது. அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் எமது விண்ணப்பம். யாரிடம் விசாரித்தோம், எப்போது, எந்த மொழியில், பதில்களை யார் வாசித்தார் என்று கேட்டால், கையில் ஒரு கோவை இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தக் கோவையில் இருப்பது குருமட அதிபரின் கடிதமும் பங்குத்தந்தையின் கடிதமும்தான். இரண்டையும் எழுதுபவர்கள் குருக்கள். இரண்டும் தேவையானவை. ஆனால் அவை மக்களிடம் விசாரித்தது ஆகாது.

மக்களைக் கேட்பது சனநாயகக் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அதனால் இதன் வேரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யூதாசின் இடத்தை நிரப்ப ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருந்த கூட்டத்தில் இரண்டு பெயர்கள் முன்வைக்கப்பட்டன. பிறகுதான் செபம், பிறகுதான் சீட்டு, மத்தியா தெரிவானார். சீட்டுக் குலுக்கியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னர், இயேசுவோடு தொடக்கம் முதல் கூட இருந்தவராக இருக்க வேண்டும் என்ற தகுதியை வைத்துப் பெயர்களை இரண்டாகக் குறைத்ததை மறந்துவிடுகிறோம். எகிப்தின் கொப்தியத் திருச்சபை 2012 நவம்பரில் இரண்டாம் தவத்ரோசைத் தெரிந்தெடுத்தபோதும் இதே ஒழுங்குதான். வாக்கெடுப்பால் மூன்று பெயர்கள் எஞ்சிய பிறகே கண் கட்டிய சிறுவன் சீட்டெடுத்தான். அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தில் வேலைப் பிரிவினை இன்னும் தெளிவு: ஏழு பேரைத் தேடித் தெரிந்தது சபையார், கை வைத்துச் செபித்தது அப்போஸ்தலர். கை வைப்பதில் அவசரப்படாதே என்று திமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும் இதன் தொடர்ச்சியே.

கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் 3ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பானியாவின் சபைகளுக்கு எழுதிய மடலில் காரணத்தையே சொல்லிவிடுகிறார். ஆயரின் தெரிவு மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொருவருடைய வாழ்வையும் முழுமையாக அறிந்தவர்கள் அவர்கள்தான். மக்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை விட, மக்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே அங்கே வலுவான நியாயம். நாம் எழுதும் இந்த மடலை வாசிக்கும்போது அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்குமாறு கேட்கிறோம். நாம் கேட்பது வாக்குரிமை அல்ல. சாட்சி சொல்லும் வாய்ப்பு.

இந்த வழக்கம் வெளியாருக்கும் தெரிந்திருந்தது. உரோமைப் பேரரசர் அலெக்சாந்தர் செவேருஸ் மாகாண ஆளுநர்களை நியமிக்குமுன் பெயர்களை வெளியிட்டு, குற்றம் தெரிந்தவர்கள் ஆதாரத்தோடு சொல்லட்டும் என்று அழைத்ததாகவும், கிறிஸ்தவர்களும் யூதர்களும் தங்கள் குருக்களுக்கு இப்படிச் செய்கிறார்களே என்று காரணம் காட்டியதாகவும் பேரரசர் வரலாறுகளின் பழைய இலத்தீன் தொகுப்பொன்று கூறுகிறது. அரசர் அப்படிச் செய்தாரா என்பதில் அத்தொகுப்பை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதை எழுதியவருக்குக் கிறிஸ்தவர்களின் பெயர் அறிவித்தல் தெரிந்திருக்கிறது. அதை அரசுக்கே முன்மாதிரியாகக் காட்டலாம் என்றும் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மக்களிடம் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 366இல் உரோமையில் ஆயர் பதவிக்காகத் தமாசுஸ், உர்சினுஸ் என்ற இருவரின் ஆதரவாளர்கள் மோதியபோது, ஒரே நாளில் ஒரே ஆலயத்தில் 137 உடல்கள் கிடந்தன என்று அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் பதிந்திருக்கிறார். 374இல் மிலானில், ஆயர் தெரிவில் எழுந்த சண்டையை அடக்க வந்த ஆளுநர் அம்புரோசையே ஆயராக்கக் கூட்டம் ஆரவாரித்தது. அப்போது அவர் திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை; திருமுழுக்குப் பெற்றுச் சில நாட்களுக்குள் ஆயரானார். அவர் புனிதராக விளங்கியது கடவுளின் அருள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை உடனே உயர்த்த வேண்டாம் என்று 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் இரண்டாம் விதியில் சொல்லியிருந்ததை மீறிய செயல் அது. அதே சங்கத்தின் நான்காம் விதி, ஆயர் ஒருவரை மாகாணத்தின் ஆயர்கள் அனைவரும் சேர்ந்து நியமிக்க வேண்டும், முடியாவிட்டால் மூவருக்குக் குறையாமல் நேரில் இருந்து, வராதவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும் என்றது. ஆரவாரத்துக்கு எதிரான மருந்து அது. ஆரவாரம் வேறு, சாட்சி வேறு. கூட்டத்தில் எழும் குரலுக்குப் பொறுப்பாளி இல்லை. பெயரோடு எழுதிக் கொடுத்த சாட்சிக்குப் பொறுப்பாளி உண்டு.

அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் மக்களின் இடத்தைப் பிரபுக்களும் அரசர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆயருக்கு மோதிரத்தையும் கோலையும் கொடுப்பது அரசனா திருத்தந்தையா என்ற வழக்கு 1122இல் வோர்ம்ஸ் உடன்பாட்டில்தான் ஓரளவு ஓய்ந்தது. இலங்கைக்கு வந்தபோதும் அதே கதை. திருச்சபை நியமனங்களில் போர்த்துக்கேய அரசனுக்கு இடம் தந்த பதுரவாதோ உரிமையில் அரசனின் விருப்பம் கலந்தது; ஒல்லாந்தர் காலத்தில் பிரெதிக்கந்துமார் என்ற போதகர்களுக்குச் சம்பளமும் இடமாற்றமும் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கையில் இருந்தன; ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கச் சம்பளத்தில் சப்பிளன்மார் என்ற குருக்கள் இருந்தார்கள்.

நம் ஊரின் அனுபவத்தில் கவனிக்க வேண்டியது இந்த அதிகாரங்களுக்குக் கீழே நடந்ததை. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பின் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விழுந்தது. 1687இல் யோசே வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், செபத்தையும் ஞானோபதேசத்தையும் காத்தவர்கள் பொதுநிலையினர். அவர் வந்த பிறகும் குருக்களின் கை எட்டாத ஊர்களில் பொதுநிலைத் தலைவர்களான மூப்பரும் அண்ணாவியாரும்தான் சபையை நடத்தினார்கள். யார் ஒழுங்காக வாழ்கிறார், யார் கடன்பட்டு ஓடுகிறார், யார் மனைவியை அடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்து சொல்லும் ஒரு பதவி இன்று பங்கில் இல்லை. பங்குச்சபை இருக்கிறது, ஆனால் அதனிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் போவதில்லை.

இனி, விசாரணை எப்படிச் சுருங்கியது என்ற இடம். இதுதான் எமது விண்ணப்பத்தின் கரு.

1563 யூலையில் திரெந்து பொதுச்சங்கம் தன் 23ஆம் அமர்வில் குருமடங்களை ஏற்படுத்தியது. குறைந்தது பன்னிரண்டு வயது, முறையான திருமணத்தில் பிறப்பு, எழுத வாசிக்கத் தெரிந்திருத்தல், ஏழைகளின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று அதன் சேர்க்கை விதி இருந்தது. மிகப் பெரிய நன்மை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது: பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் போகும் பிள்ளையை, இருபத்தைந்து வயதில் ஊருக்கு எவ்வளவு தெரியும்? சங்கத்தாருக்கு இது தெரியாமலில்லை. அதே அமர்வின் ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் ஒழுங்கை வைத்தார்கள். உயர்பட்டங்களைப் பெறவிருப்பவர் ஒரு மாதத்துக்கு முன் ஆயரிடம் போக வேண்டும். ஆயர் பங்குத்தந்தையிடம் பொறுப்புக் கொடுக்க வேண்டும். பங்குத்தந்தை அவரது பெயரையும் விருப்பத்தையும் ஆலயத்தில் பகிரங்கமாக அறிவித்து, நம்பிக்கைக்குரியவர்களிடம் அவருடைய பிறப்பு, வயது, ஒழுக்கம், வாழ்க்கை பற்றி விசாரித்து, ஆயருக்கு எழுத வேண்டும்.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டக்கோவை இதை 998ஆம் விதியில் பொதுக் கடமையாகவே வைத்திருந்தது. விதிவிலக்கு அளிக்க ஆயருக்கு இடமும் இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டக்கோவையின் 1051ஆம் விதியில் குருமட அதிபரின் சான்று கட்டாயம். பகிரங்க அறிவித்தலோ, ஆயர் விரும்பினால் கையாளக்கூடிய வழிகளில் ஒன்றாகிவிட்டது. கட்டாயம் விருப்பமானது, விருப்பம் பல இடங்களில் வழக்கொழிந்தது. ஆனால் அதே சட்டக்கோவையின் 1043ஆம் விதி அப்படியே நிற்கிறது: திருப்பட்டத்துக்கு ஏதாவது தடை இருப்பதை அறிந்த விசுவாசிகள் அதைத் திருநிலைப்படுத்தலுக்கு முன் ஆயருக்கோ பங்குத்தந்தைக்கோ தெரியப்படுத்தக் கடமைப்பட்டவர்கள். பெயரையே அறிவிக்காமல் இருந்தால், அந்தக் கடமையை விசுவாசி எப்படி நிறைவேற்றுவார்?

கலியாணத்துக்கு மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிக்கிறோம். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் சேர்ந்து வாழ்வதற்குத் தடை உண்டா என்று முழுப் பங்கையும் கேட்கிறோம். ஆயிரம் குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளும் மறைக்கல்வி வகுப்புக்குள்ளும் அனுப்பப்படும் ஒருவருக்காகக் கேட்பதில்லை.

அங்கிலிக்க மரபிலும் இதற்கு இணையான அறிவித்தல் உண்டு. ‘எவராவது’ என்ற பொருள் தரும் இலத்தீன் தொடக்கச் சொற்களால் அதற்கு ‘சி குயிஸ்’ என்று பெயர்; விண்ணப்பதாரியின் சொந்தச் சபையில் வாசிக்கப்படும். மெதடிஸ்த மரபில் 1746இலேயே அதன் நிறுவனர் வெஸ்லி மூன்று சோதனைகளை வைத்தார்: கிருபை உண்டா, வரம் உண்டா, கனி உண்டா. கிருபையை ஒருவர் தானே சொல்லலாம். வரத்தைப் பரீட்சகர் அளக்கலாம். கனியைச் சொல்ல, அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு வாழ்ந்தவர்கள்தான் வர வேண்டும். சேகரக் கூட்டத்தில் கையுயர்த்தி ஒரு நிமிடத்தில் முடிக்கும் தீர்மானத்தில் கனி தெரியாது.

‘கடவுள் என்னை அழைத்தார், மனிதர் யார் கேட்க?’ என்பது தனிச்சபைகளில் அதிகமாகவும் மற்றச் சபைகளில் மெதுவாகவும் கேட்கும் குரல். இதற்குப் பதில் இரு மரபுகளிலும் ஏற்கனவே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வின், ஊழியக்காரரின் உள்ளத்தில் மட்டும் தெரியும் இரகசிய அழைப்பையும், சபையின் பொது ஒழுங்குக்குரிய வெளி அழைப்பையும் பிரித்தார். முன்னதற்குச் சபை சாட்சியல்ல, பின்னதற்கே சபை பொறுப்பு. கத்தோலிக்கத் திருச்சபையில் 1912இல் கர்தினால்மார் குழுவொன்று தீர்ப்பளித்தது: உள்ளே ஓர் ஈர்ப்பு இருப்பதால் எவருக்கும் குருத்துவத்தின் மேல் உரிமை வந்துவிடாது, நேரிய நோக்கமும் தகுதியும் உள்ளவரை ஆயர் அழைப்பதே அழைப்பு. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அதை ஏற்றார். ஆகவே விசாரிப்பது அழைப்பைச் சந்தேகிப்பதாகாது. அது அழைப்பின் மறுபாதி.

கொழும்பில் இதைச் செய்வதில் தனியான சிக்கல்கள் இருக்கின்றன. விண்ணப்பதாரி ஹற்றனில் திருமுழுக்குப் பெற்றிருப்பார். பெற்றோர் இப்போது வத்தளையில் வாடகைக்கு இருப்பார்கள். உயர்தரம் படித்தது கொட்டாஞ்சேனையில். குருமடப் படிப்பு அம்பிட்டியவிலோ கொழும்புத்துறையிலோ பிலிமத்தலாவையிலோ. விடுமுறைப் பணி மட்டக்குளியில். ‘சொந்தப் பங்கு’ என்று தாளில் எழுதியிருக்கும் இடத்தில் அவரை முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருக்கமாட்டார்கள். அங்கே மட்டும் வாசித்தால் பதில் வராது. பதில் வராததை ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். அது பிழை.

எனவே மூன்று இடங்களில் வாசிக்க வேண்டும்: குடும்பம் இப்போது வசிக்கும் பங்கு, பதினைந்து வயது தொடக்கம் குருமடம் போகும்வரை அவர் வளர்ந்த பங்கு, கடைசியாகக் களப்பணி செய்த பங்கு. இவற்றில் மூன்றாவதுதான் மிகப் பயனுள்ளது என்பது எமது கணிப்பு. ஏனென்றால் பணியில் இருக்கும்போது அவரைப் பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பாடகர் குழுவும், மறைக்கல்வி ஆசிரியைகளும், ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவரும், சமையல் செய்து கொடுத்த அம்மாவும். தனக்கு மேலிருப்பவரோடு எப்படி நடந்தார் என்பதைக் குருமடம் சொல்லும். தனக்குக் கீழிருப்பவரோடு எப்படி நடந்தார் என்பதை இவர்கள்தான் சொல்ல முடியும்.

மூன்று தொடர்ந்த ஞாயிறுகள். மூன்று மொழிப் பூசைகள் உள்ள பங்கில் மூன்று மொழியிலும். ஆங்கில ஆராதனையில் மட்டும் வாசித்துவிட்டுத் தமிழ்ப் பூசைக்கு விடும் வழக்கம் வேண்டாம். தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் இருந்து விடியற்காலையில் வருபவர்கள்தான் சமயங்களில் அதிகம் அறிந்தவர்கள். கடைசி வாசிப்புக்கும் திருநிலைப்படுத்தலுக்கும் இடையில் முப்பது நாட்களாவது இருக்க வேண்டும். பட்டம் பெறுபவர் குறைந்தது ஐந்து நாள் தியானம் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தியானத்தில் இருப்பவரை அழைத்து விசாரிக்கும் நிலை வரக்கூடாது.

இதைவிட முக்கியமாக, அறிவித்தல் அழைப்பிதழுக்கு முன் வர வேண்டும். இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. நம்மிடையே முதற்திருப்பலி என்றால் குடும்பத்துக்கே திருவிழா. அழைப்பிதழ் அச்சாகி, மண்டபம் பதிவாகி, வெளிநாட்டு உறவினர் விமானச் சீட்டு எடுத்து, பூசைப் பாத்திரம் வாங்கி, சந்தியில் படத்தோடு பதாகை கட்டிய பிறகு ‘எவருக்காவது ஏதாவது தெரியுமா’ என்று கேட்டால் யார் வாய் திறப்பார்? திறந்தாலும் ஆயர் எப்படி நிறுத்துவார்? ஆயருக்கு ஐயம் இருந்தால் திருநிலைப்படுத்தக்கூடாது என்று கத்தோலிக்கச் சட்டக்கோவையின் 1052ஆம் விதி சொல்கிறது. ஐயத்தின் சலுகை விண்ணப்பதாரிக்கு அல்ல, மக்களுக்கு. பதாகை கட்டிய பின் அந்த விதி காகிதமாகிவிடுகிறது. விசாரணை முடிந்து ஆயரின் கடிதம் கைக்கு வரும்வரை எதையும் அச்சடிக்கக்கூடாது என்று குடும்பத்துக்கு எழுத்தில் அறிவிக்குமாறு கேட்கிறோம். திருத்தொண்டர் பட்டத்துக்கே இதைச் செய்தால் இன்னும் நல்லது. அதற்கும் குருத்துவத்துக்கும் இடையில் சட்டம் கேட்கும் ஆறு மாதம் கவனித்துப் பார்க்கும் காலம்தான்.

பதில்களை யார் வாசிப்பது? விண்ணப்பதாரியைக் குருமடத்துக்கு அனுப்பிய குருவோ, அவருடைய உறவினரோ, அவர் பணிசெய்த பங்கின் தந்தையோ தனியாக வாசிக்கக்கூடாது. இருவர் வாசிக்க வேண்டும். ஒருவர் பொதுநிலையினராக இருக்க வேண்டும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளைகள் பற்றிய முறைப்பாட்டை ஒரு தாய் எழுதும்போது அவர் நம்பிக்கையோடு முகவரியிடக்கூடிய பெயர் ஒன்று வேண்டும். அத்தகைய முறைப்பாடு திருச்சபைக்குள் மட்டும் விசாரித்து முடிக்கும் விடயமல்ல. பொலிசுக்கும் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் போக வேண்டியதை அங்கே அனுப்ப வேண்டும்.

வினாக்கொத்தும் தேவை. ‘நல்லவரா’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். கண்டதைக் கேட்க வேண்டும். இவரை எத்தனை ஆண்டுகளாக, எந்த வகையில் அறிவீர்கள்? இவர் பணம் கையாண்டதைப் பார்த்திருக்கிறீர்களா, கணக்குக் காட்டினாரா? தன் கருத்துக்கு எதிராகப் பேசியவரிடம் எப்படி நடந்தார்? சாதியையோ மொழியையோ ஊரையோ வைத்து எவரையும் குறைத்துப் பேசியதைக் கேட்டிருக்கிறீர்களா? பிள்ளைகளோடு தனியாக இருப்பதைத் தவிர்த்தாரா? குடிக்கும் பழக்கம் உண்டா? தமிழில் பிரசங்கம் செய்தால் விளங்குகிறதா? உங்கள் வீட்டில் மரணம் நடந்தால் இவர் வர வேண்டும் என்று விரும்புவீர்களா? எட்டுக் கேள்விகள் போதும். பங்கொன்றுக்குப் பன்னிரண்டு பேரிடம், விண்ணப்பதாரி தராத பெயர்களில் இருந்து.

மொட்டைக் கடிதம் பற்றிய பயம் நியாயமானது. தமிழ்ச் சபைகளில் காணிச் சண்டையும், கோயில் நிர்வாகப் பகையும், எல்லாவற்றுக்கும் கீழே சாதியும் கடிதமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிப்படையாகச் சாதியைச் சொல்லமாட்டார்கள். ‘குடும்பப் பின்னணி சரியில்லை’ என்று எழுதுவார்கள். அப்படி ஒரு சொல் வந்தால் என்ன செயல், எப்போது, யார் கண்டது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தக் கடிதம் கோவையில் ஏறக்கூடாது. பெயரில்லாத கடிதத்தை மட்டும் வைத்து ஒருவரையும் நிறுத்தக்கூடாது. ஆனால் அதில் நாளும் இடமும் சரிபார்க்கக்கூடிய விவரமும் இருந்தால் சரிபார்க்காமல் கிழித்துப் போடவும் கூடாது. பயந்தவர்களும் பெயரில்லாமல்தான் எழுதுவார்கள். குற்றச்சாட்டின் சாரம் விண்ணப்பதாரிக்குச் சொல்லப்பட வேண்டும், அவருடைய பதில் எழுத்தில் வாங்கப்பட வேண்டும். நிறுத்தினால் காரணம் சொல்லி நிறுத்த வேண்டும். ஏழெட்டு ஆண்டு படித்த இளைஞரை ‘இப்போதைக்குப் பொறு’ என்ற ஒற்றைச் சொல்லில் வீட்டுக்கு அனுப்புவது அவருக்கும் பெற்றோருக்கும் செய்யும் அநீதி.

ஓரிடத்தில் நிறுத்தப்பட்டவர் இன்னோரிடத்தில் தோன்றுவது இன்னொரு ஓட்டை. வேறொரு குருமடத்தில் இருந்து விலக்கப்பட்டவரைச் சேர்க்குமுன், விலக்கிய அதிபரிடம் காரணம் கேட்டு எழுத்துச் சான்று வாங்க வேண்டும் என்று 241ஆம் விதி கூறுகிறது. கத்தோலிக்க வட்டத்துக்குள் இது ஓரளவு நடக்கிறது. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்ரிஸ்தர், சுயாதீன சபைகள் என்ற எல்லையைத் தாண்டினால் எவரும் எவரையும் கேட்பதில்லை. ஒரே நகரத்தில், சில வேளை ஒரே வீதியில் இருக்கிறோம். ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பக்கக் கடிதமும் போதும். கேட்டால் பதில் தருவோம் என்று நீங்கள் உங்களுக்குள் எழுத்தில் உடன்பட வேண்டும்.

அடுத்தது, அனுப்பப்படும் இடம். மனமில்லாத மக்கள் மேல் எந்த ஆயரையும் திணிக்க வேண்டாம் என்று 428இல் திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் எழுதினார். நிலவுடைமையாளர் நியமிக்கும் போதகரைச் சபை ஏற்றே ஆக வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1843இல் ஸ்கொத்லாந்தில் 474 போதகர்கள் தங்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறினார்கள். பங்குத்தந்தையை நியமிக்குமுன் ஆயர் சில குருக்களையும், தேவையானால் பொதுநிலையினரையும் கேட்கலாம் என்று 524ஆம் விதி இடம் தருகிறது. கொழும்பில் இதன் முதற் கேள்வி மொழி. சிங்களத்தில் சிறப்பாகவும் தமிழில் வாசித்தும் பூசை செய்யக்கூடியவரைத் தமிழர் பாதிக்கு மேல் உள்ள பங்குக்கு அனுப்பினால், பாவசங்கீர்த்தனமும் நோயாளர் சந்திப்பும் நின்றுவிடும்; பூசை மட்டும் நடக்கும். நியமனத்துக்கு முன் பங்கிடம் ஒரு பக்கத்தில் விவரம் கேளுங்கள்: எத்தனை குடும்பம், எந்த மொழியில் பூசைகள், எத்தனை பேர் தனியாக வாழும் முதியவர்கள், பிள்ளைகள் எந்த மொழியில் மறைக்கல்வி படிக்கிறார்கள், கடன் எவ்வளவு, நடக்கும் வழக்குகள் எவை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுங்கள்.

தனிச்சபைகளின் மூப்பர்களுக்குச் சில வார்த்தைகள். உங்களில் பலருக்கு மேலே ஆயரும் இல்லை, சினொட்டும் இல்லை. அதனால் நிசேயாவின் மூவர் விதி உங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஒரு போதகர் தன் மகனுக்கோ மருமகனுக்கோ தனியாகக் கை வைத்து அபிஷேகம் செய்வதை நிறுத்துங்கள். உறவில்லாத மூன்று சபைகளின் போதகர்களையும், ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒரு விசுவாசியையும் அழைத்து, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பரீட்சியுங்கள். அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்தும் கொங்கிரிகேசனல் மரபில் அயற்சபைகளை அழைத்துப் பரீட்சிக்கும் ஆலோசனைக் கூட்டம் என்பது இதுதான். ஆயர் இல்லாத சபைகளும் ஒழுங்கோடு நடக்கலாம் என்பதற்கு அது சான்று. கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கும் அபிஷேகச் சான்றிதழைச் சுவரில் மாட்டாதீர்கள். பணத்துக்குப் பட்டம் கொடுப்பதை 451இல் கல்சதோன் சங்கம் இரண்டாம் விதியிலேயே தடுத்தது. கொடுத்தவரும் பெற்றவரும் பதவியிழப்பார்கள் என்றது. அதே சங்கத்தின் ஆறாம் விதி, குறிப்பிட்ட ஒரு சபைக்கென்று இல்லாமல் எவரையும் அபிஷேகம் செய்யக்கூடாது என்கிறது. சபையில்லாத போதகர் சபையைத் தேடி அலைவார். கிடைக்காவிட்டால் இருக்கும் சபையொன்றை உடைப்பார்.

கடைசியாக, பதிவேடு. திருநிலைப்படுத்தல் நடந்ததும் அதைத் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கும்படி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரணைக் கோவையையும் அதே கவனத்தோடு வையுங்கள்: வாசித்த நாட்கள், வாசித்தவரின் கையொப்பம், வந்த பதில்களின் எண்ணிக்கை, விசாரித்தவர்களின் பெயர்கள், விண்ணப்பதாரி தன் கையால் எழுதிய விருப்ப அறிக்கை. ‘பதில் ஏதும் வரவில்லை’ என்பதும் கையொப்பத்தோடு எழுதப்பட வேண்டிய ஒரு பதில். பதில் வராத பங்கில் யாரிடமாவது நேரில் போய்க் கேட்டோமா என்ற வரி அதன் கீழே இருக்க வேண்டும்.

வாசிப்பதற்கு உதவியாக ஒரு மாதிரியை எழுதித் தருகிறோம். உங்கள் மரபுக்கேற்ற சொற்களை மாற்றிக்கொள்ளலாம். கடைசி நாளையும் இரண்டு பெயர்களையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

“இப்பங்கில் வளர்ந்த இன்னாரின் மகன் இன்னார், இன்ன நாளில் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட விரும்புகிறார். அவரை அறிந்தவர்கள் அனைவரும், அவரைப் பற்றிக் கண்டதையும் அறிந்ததையும், நல்லதாயினும் தடையாயினும், ஆயருக்குத் தெரியப்படுத்தும்படி திருச்சபை கேட்கிறது. இது உங்கள் உரிமை. தடை ஏதும் அறிந்தவருக்குக் கடமையும்கூட. எழுத விரும்புவோர் ஆலய வாசலில் உள்ள தாளை எடுத்துக்கொள்ளலாம். எழுத இயலாதோர் இன்ன அருட்தந்தையிடமோ இன்ன அம்மையாரிடமோ நேரில் சொல்லலாம். அவர்கள் எழுதி, வாசித்துக் காட்டி, உங்கள் கையொப்பம் பெறுவார்கள். உங்கள் பெயர் விண்ணப்பதாரிக்குத் தெரிவிக்கப்படமாட்டாது. கடைசி நாள் இன்னது. இது முதலாம் அறிவித்தல்.”

இப்படிக்கு,
கொழும்பின் தமிழ்ப் பங்குகளையும் சபைகளையும் சேர்ந்த, திருச்சபை வரலாறும் சட்டமும் கற்பிக்கும் பொதுநிலையினர் சிலர்